மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்

ஜனவரி 3, வியாழன்

தமிழ்க்கடைப் பாலா அரிசி மூட்டையோடு இந்த நாட்குறிப்பையும் தந்தார். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் சுவிஸ் நேரத்துக்குக் கணித்த ராகு காலம் போட்டிருக்கிறது. போன வருடப் புத்தகத்தில் உருளைக்கிழங்கு விலையும் ஒரு தொலைபேசி எண்ணும் மட்டும்தான் எழுதினேன். இந்த முறை ஒழுங்காக எழுதலாம் என்று நினைக்கிறேன். எழுத ஒரு விஷயமும் கிடைத்துவிட்டது.

இந்த வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் சாருகாதான் வாசிப்பாள். என் மகள். பதினைந்து வயது, ஒன்பதாம் வகுப்பு. நான் ஆராவ் நகரத்துக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஓர் உணவகத்தின் பின்பக்கத்தில் சலாட் வெட்டவும் சட்டி கழுவவும் எவ்வளவு டொச், அதாவது ஜெர்மன் மொழி, வேண்டுமோ அவ்வளவு எனக்குத் தெரியும். மனைவி சுகந்தினிக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. அவளுக்கு என்னைவிட நன்றாகவே டொச் வரும், ஆனால் பகலில் நித்திரை கொள்வாள். ஆகவே காப்புறுதி, பல்வைத்தியர், வீட்டுச் சொந்தக்காரன் எல்லாருக்கும் சாருகாதான் எங்கள் வாய். ஆறு வயதிலேயே தொடங்கிவிட்டாள்.

இன்றைக்கு வந்தது பக்கத்து நகரத்துச் சூதாட்டக் கசினோவின் கடிதம். முந்திக்கொண்டு எடுத்துக் கிழிப்பதுதான் என் வழக்கம், இது தப்பிவிட்டது. அவள் ஒரு முறை மனதுக்குள் வாசித்தாள். பிறகு, "அப்பா, செவ்வாய்க்கிழமையிலை நீங்கள் ஹோட்டலுக்குப் போறேல்லையோ?" என்று கேட்டாள்.

செவ்வாய் எனக்கு ஓய்வுநாள். அன்றைக்குப் பக்கத்து நகரத்து ஹோட்டலில் மேலதிக வேலை என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். சம்பளத்தைப் பருவம் முடியத்தான் தருவார்கள் என்றும் சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் எழுபத்தொரு தடவை வந்திருக்கிறேனாம், பெரும்பாலும் செவ்வாயில். எண்ணி வைத்திருக்கிறார்கள். இப்போது நான் போய் அவர்களோடு கதைக்க வேண்டும், சம்பளச் சீட்டும் கொண்டுபோக வேண்டும். போகாவிட்டால் இந்த நாட்டிலுள்ள எல்லாக் கசினோக்களிலும் எனக்குக் கதவு பூட்டு. மொழி கஷ்டம் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்குசெய்து தருவார்களாம், காசு வேண்டாமாம்.

வேண்டாம் என்று எழுதச் சொன்னேன். சும்மாதானே தருகிறார்கள், ஏன் வேண்டாம் என்று கேட்டாள்.

இந்தப் பிள்ளைக்கு அதை எப்படி விளங்கப்படுத்துவது? மொழிபெயர்க்க வருபவர் தமிழர். தமிழர் என்றால் ஒன்றில் கோயிலில் கண்ட ஆளாயிருப்பார், இல்லாவிட்டால் கோயிலில் கண்ட ஆளுக்கு மச்சானாயிருப்பார். ரகசியம் காப்போம் என்று அவர்கள் கையெழுத்து வைக்கிறார்களாம். கையெழுத்து வாயைக் கட்டுமா? ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மோதகம் கைக்கு வருமுன் ஊர் முழுக்கக் கதை போய்விடும். வெள்ளைக்காரர் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. நம்முடைய ஆட்களின் முகத்தில்தான் நான் முழிக்க வேண்டும்.

"நீ வந்து கதை பிள்ளை," என்றேன். "அம்மாவுக்குச் சொல்லாதை."

அவள் கடிதத்தை இரண்டாக மடித்துத் தன் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்தாள். கெட்டிக்காரி.

ஜனவரி 5, சனி

நூற்றெண்பது பேருக்குக் கலியாணச் சாப்பாடு. நாள் முழுக்க வெங்காயம்.

ஜனவரி 8, செவ்வாய்

போனேன். கடிதம் வந்தவுடன் போகாமல் விட்டால் பயந்துவிட்டான் என்று நினைப்பார்கள்.

மூன்று மணிக்கு மேசை திறக்கிறது. ராகு காலம் முடியட்டும் என்று வெளியே கோப்பி குடித்துவிட்டு உள்ளே போனேன். எல்லாரும் நினைப்பதுபோல நான் காசுக்காக மட்டும் போகவில்லை. வேலையிடத்தில் முதலாளி பகிடி சொன்னால் மற்றவர்கள் சிரித்து முடிந்த பிறகு நான் சிரிப்பேன். பேருந்தில் யாராவது ஏதாவது கேட்டால் சிரிப்பேன். வைத்தியரிடம் சிரிப்பேன். இருபத்திரண்டு வருடமாகச் சிரித்து எனக்கு வாய் உளைகிறது. எண் சக்கரம் சுழலும் ரூலெட் மேசையில் ஒருவரும் கதைப்பதில்லை. கோட்டு சூட்டுப் போட்ட சுவிஸ்காரனும் சீனக் கிழவியும் நானும் ஒரே மாதிரி வாயை மூடிக்கொண்டு அந்த வெள்ளைப் பந்தைப் பார்த்தபடி நிற்கிறோம். மேசைக்காரப் பெண் எண்ணைச் சொல்வாள். டொச்சில் எனக்குத் தடங்கலில்லாமல் விளங்குவது எண்கள்தான். சுழியத்திலிருந்து முப்பத்தாறு வரை இந்த நாட்டில் யாரும் எனக்கு எதையும் இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை.

இன்றைக்குப் போனது இருநூற்றிருபது. பெரிய தொகை இல்லை.

ஜனவரி 13, ஞாயிறு

சுகந்தினி குளிக்கப் போன நேரத்தில் நானும் சாருகாவும் ஒத்திகை பார்த்தோம். மாதம் இருநூறு பிராங் விளையாடுவேன். பொழுதுபோக்கு. கடன் இல்லை. குடும்பத்துக்குத் தெரியும். அவள் கொப்பியில் டொச்சில் எழுதினாள்.

"மாசம் இருநூறோ, கிழமைக்கு இருநூறோ?" என்று கேட்டாள்.

மாதம் என்றேன். அவள் பேனையைக் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்திருந்துவிட்டு எழுதினாள்.

ஜனவரி 15, செவ்வாய்

தைப்பொங்கல். சுகந்தினி வேலையால் வந்து கண்ணும் மூடாமல் பலகணியில் மின் அடுப்பு வைத்துப் பொங்கினாள். கீழ்வீட்டுக்காரி புகை வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். சாருகா இரண்டு கரண்டி சாப்பிட்டதோடு எழும்பிவிட்டாள்.

நான் பின்னேரம் "ஹோட்டலுக்கு"ப் போய் முந்நூற்று நாற்பது வென்று வந்தேன். நல்ல நாளென்றால் நல்ல நாள்தான். அவளுக்குக் காதில் போட்டுப் பாட்டுக் கேட்கும் கருவி, நல்ல விலையுள்ளதாக, ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நன்றி என்றாள். பெட்டியை இன்னும் உடைக்கவில்லை.

ஜனவரி 22, செவ்வாய்

சந்திப்பு நல்லபடி முடிந்தது. விவரமாக எழுதுகிறேன்.

அலுவலகம் கசினோவின் பின்பக்கம், இரண்டாம் மாடி. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களை அந்தக் கட்டடத்துக்குள்ளேயே விடமாட்டார்கள் என்பதால் சாருகா தாயின் சாம்பல் நிறக் குளிர்ச்சட்டையைப் போட்டு, ரயில் கழிவறையில் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டாள். என் அண்ணன் மகள், வயது பத்தொன்பது என்று சொல்வதாக ஏற்பாடு. எங்கள் வயதை இவர்களுக்கு மட்டுக்கட்டத் தெரியாது, என்னையே முப்பத்தைந்து என்கிறார்கள். சட்டைக் கை நீளம் என்பதால் அவள் விரல் நுனி மட்டும்தான் தெரிந்தது.

கதைத்தது திருமதி கெல்லர் என்ற பெண். கசினோவுக்கு வருபவர்கள் அளவு மீறுகிறார்களா என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. நல்ல மனுசி, தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மொழிபெயர்ப்பாளரை ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று முதலில் கேட்டார். குடும்பத்துக்குள் கதைப்பதுதான் எங்கள் வழக்கம் என்று சொல்லச் சொன்னேன். நான் இரண்டு சொல் சொன்னால் சாருகா பத்துச் சொல் சொன்னாள். அவள் டொச்சில் கதைக்கும்போது கை ஆட்டும் விதமே வேறு. எனக்குப் பெருமையாக இருந்தது, எழுதுவதற்கு என்ன வெட்கம்.

சம்பளச் சீட்டைப் பார்த்தார், மாதம் எவ்வளவு என்று கேட்டார், எழுதினார். பிறகு ஏதோ கேட்டார். சாருகா உடனே தமிழில் சொல்லவில்லை. தண்ணீர் குடித்தாள்.

"உங்களுக்குப் பிள்ளையள் இருக்கினமோ எண்டு கேட்கிறா."

"ஒரு மகள், படிக்கிறாள் எண்டு சொல்லு."

சொன்னாள். கெல்லர் அடுத்ததைக் கேட்டார்.

"நீங்கள் விளையாடுறது அந்த மகளுக்குத் தெரியுமோ எண்டு கேட்கிறா."

குடும்பத்துக்குத் தெரியும் என்றுதான் ஒத்திகை பார்த்திருந்தோம். ஆனால் பிள்ளைக்குத் தெரியும் என்று சொன்னால் தவறாக எடுப்பார்களோ என்று அந்த இடத்தில் எனக்கு யோசனை வந்துவிட்டது.

"தெரியாது எண்டு சொல்லு. அவள் சந்தோசமா இருக்கிறாள் எண்டு சொல்லு."

அவள் அப்படியே சொன்னாள். குரல் கொஞ்சமும் ஆடவில்லை. கெல்லர் தலையாட்டி எழுதிக்கொண்டார். மூன்று மாதம் பார்ப்பார்கள், இடையில் ஒரு முறை தொலைபேசி எடுப்பார்கள். அதுவரைக்கும் கதவு திறந்திருக்கும்.

ரயில் நிலையத்தில் அவளுக்குக் கெபாப் வாங்கிக் கொடுத்தேன். ரயிலில் சத்தி எடுத்துவிட்டாள், தாயின் சட்டையிலும் பட்டுவிட்டது. அந்தக் கடை இறைச்சி எப்போதும் சந்தேகம்தான்.

ஜனவரி 23, புதன்

குளிர்ச்சட்டை ஏன் ஈரம் என்று சுகந்தினி கேட்டாளாம். பள்ளிக்கூடத்து நாடகத்துக்குக் கொண்டுபோனேன் என்று சாருகா சொன்னாளாம். நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

பெப்ரவரி 5, செவ்வாய்

தொள்ளாயிரம். பரவாயில்லை, பிடித்துவிடலாம்.

பெப்ரவரி 6, புதன்

ஓய்வுநாள் இல்லை, என்றாலும் பின்னேர இடைவேளையில் ஓடிப்போய் வந்தேன். விட்டதைப் பிடிக்கத்தான். அறுநூறு.

பெப்ரவரி 12, செவ்வாய்

சாருகா பெரியபிள்ளையானதற்கான சாமத்தியச் சடங்கை இரண்டு வருடத்துக்கு முன் மண்டபம் எடுத்துச் செய்தோம். வந்தவர்கள் கடித உறைகளில் வைத்துத் தந்த காசில் செலவு போக மிச்சத்தை அவள் பெயரிலேயே வங்கியில் போட்டோம். பதினெட்டு வயது வரை என் கையெழுத்தில் எடுக்கலாம். பிள்ளையின் காசைத் தொடுகிறோமே என்று எனக்கு மனம் உறுத்தாமல் இல்லை. ஆனால் அது சும்மாதான் கிடக்கிறது. ஆறாயிரத்து நானூறு. மார்ச் முடிய முன் திரும்ப வைத்துவிடுவேன், ஒருவருக்கும் தெரிய வராது.

பெப்ரவரி 19, செவ்வாய்

பத்தொன்பதில் எட்டு முறை வைத்தேன். பதினெட்டு வந்தது, இருபது வந்தது. ஒரு முறை பந்து பத்தொன்பதுக்குள் விழுந்து, எழும்பி வெளியே போனது. பக்கத்தில் நின்ற கிழவர் என் தோளில் தட்டி ஏதோ சொன்னார். நான் சிரித்தேன்.

பெப்ரவரி 22, வெள்ளி

வங்கிக் கடிதம் வந்தது. நான் வேலையால் வரும்போது சாருகா உடைத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்?" என்றேன்.

"ஒண்டுமில்லை அப்பா. புது அட்டை வரப்போகுதாம்."

தப்பினேன். அட்டை விஷயம்தானென்றால் கவலையில்லை. கடிதத்தை அவளே கிழித்துக் குப்பையில் போட்டாள், மிக மிகச் சிறிய துண்டுகளாக.

மார்ச் 1, வெள்ளி

சாருகாவின் வகுப்பு ஆசிரியர் என் கைபேசிக்கு எடுத்தார். மெதுவாகத்தான் கதைத்தார் பாவம். நான் "யா, யா" என்றேன், கடைசியில் நன்றியும் சொன்னேன். மாலையில் அவளிடம் கேட்டபோது, வகுப்பில் எல்லாம் நல்லாயிருக்கிறது என்று சொல்லத்தான் எடுத்தவர் என்றாள். இந்த நாட்டு ஆசிரியர்களுக்கு வேறு வேலையில்லைப் போலும்.

பெருவிரல் நகத்தைச் சதை தெரியக் கடித்திருக்கிறாள். வேப்பெண்ணெய் பூசச் சொன்னேன்.

மார்ச் 5, செவ்வாய்

அவளுடைய காசில் மிச்சம் முந்நூறு.

மார்ச் 6, புதன்

இல்லை.

மார்ச் 14, வியாழன்

ஐந்து மணிக்குக் கெல்லர் எடுப்பார் என்று சாருகாவை நேரத்துக்கு வரச் சொல்லியிருந்தேன். நானும் வேலையிடத்தில் தலையிடி என்று சொல்லிவிட்டு வந்தேன். சுகந்தினி அறையில் நித்திரை. சமையலறைக் கதவைச் சாத்தி, கைபேசியை மேசையில் வைத்து, சத்தத்தைக் குறைத்துவிட்டு இருவரும் குனிந்து இருந்தோம்.

முதல் கேள்விகள் எல்லாம் சுகமாகப் போயின. பிறகு ஜனவரியிலிருந்து இன்றுவரை எவ்வளவு இழந்திருப்பீர்கள் என்று கேட்டார். அறுநூறு என்று சொல்லு என்றேன்.

சாருகா என்னைப் பார்க்கவில்லை. கைபேசியைப் பார்த்துச் சொன்னாள். ஆறாயிரத்து நானூறு என்று டொச்சில் சொன்னாள்.

எண் எனக்கு விளங்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த எண் எந்த எண் என்றும் எனக்குத் தெரியும். கைபேசிக்கும் எனக்கும் நடுவில் அவள் கை இருந்தது. கெல்லர் ஏதோ கேட்டார். அவள் சின்னக் குரலில் பதில் சொன்னாள். அதில் மகள் என்ற சொல் வந்தது, அந்தச் சொல்லும் எனக்குத் தெரியும். நான் கைபேசியைப் பறித்து நிறுத்தினேன்.

"என்னை வித்துப்போட்டாய்," என்றேன். "பெத்த தேப்பனை வெள்ளைக்காரிக்கு வித்துப்போட்டாய்."

அவள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. கதவைத் திறந்தபடி சுகந்தினி நின்றாள்.

மார்ச் 15, வெள்ளி

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை. மீன் வெட்டும்போது கை வெட்டுப்பட்டது.

மார்ச் 17, ஞாயிறு

சுகந்தினி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாயிருக்கும், நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். இரண்டு நாள் கழித்து, சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"காசு போகட்டும். எனக்குச் சொல்லியிருக்கலாம் நீங்கள். அந்தப் பிள்ளையின்ரை தலையிலை ஏன் கொண்டுபோய் வைச்சனீங்கள்?"

ஊர் அறியாமல் இருக்கத்தான் என்றேன். ஊரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

மார்ச் 20, புதன்

கடிதம் வந்தது. சாருகா உறையை உடைக்காமல் மேசை நடுவில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். நானே உடைத்தேன். என் பெயரும் பிறந்த திகதியும் தெரிந்தன. மிச்சம் எதுவாயிருக்கும் என்று ஊகிக்க டொச் தேவையில்லை. இந்த நாட்டுக் கதவெல்லாம் பூட்டு.

நல்லதுக்குத்தான் என்று சுகந்தினி சொன்னாள். இருக்கட்டும். என்றாலும் அவளுடைய காசைத் திரும்ப வைக்க எனக்கு ஒரு வழியும் இல்லாமல் செய்துவிட்டார்கள் என்பதை இவர்கள் யாரும் யோசிக்கவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

வேலைக்குப் போகவில்லை, காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். ரயிலேறி எல்லை தாண்டி ஜெர்மனிக்குப் போனேன். சுவிஸ் தடை அங்கே செல்லாது என்று சமையலறையில் வேலை செய்யும் போர்த்துக்கீசன் முன்பொருநாள் சொன்னது நினைவிலிருந்தது. சம்பளத்தில் ஆயிரத்து இருநூறு எடுத்துக்கொண்டு போனேன். பிடித்தால் பிள்ளையின் கணக்கில் கொஞ்சமாவது விழும். இதை நான் எனக்காகச் செய்யவில்லை.

வாசலில் கடவுச்சீட்டைக் கொடுத்தேன். அங்கிருந்த பெண் ஏதோ கேட்டாள். எங்கள் கசினோவில் என்ன கேட்பார்கள் என்று பழகியிருந்தது, இவள் கேட்டது வேறு ஏதோ. மூன்று முறை கேட்டாள். நான் திரும்பிப் பக்கத்தில் பார்த்தேன். பக்கத்தில் ஒருவரும் இல்லை. சாருகாவைத்தான் தேடினேன் என்று பிறகுதான் எனக்கே தெரிந்தது. அந்த இடத்திலாவது திரும்பி வந்திருக்கலாம். "யா" என்றேன். உள்ளே விட்டாள்.

ஒரு மணித்தியாலமும் இருபது நிமிடமும். ரயில் சீட்டுக்குக் காசை முன்பே தனியாக வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று.

வீட்டுக்கு வந்தபோது சாருகாவின் அறையில் கட்டில் மடிப்பாக விரித்திருந்தது. வகுப்புத் தோழி லேயாவின் வீட்டுக்குப் போயிருக்கிறாள், கொஞ்ச நாள் அங்கே நிற்பாள் என்று சுகந்தினி சொன்னாள். யாரைக் கேட்டு அனுப்பினாய் என்றேன். நீங்கள் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டாள். ஹோட்டலுக்கு என்றேன். வாய் பழகிவிட்டது.

மார்ச் 26, செவ்வாய்

சாருகாவுக்கு எடுத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. பெட்டியில் பதிவாகும் அவளுடைய குரல் டொச்சில் ஏதோ சொல்லியது. நான்கு முறை எடுத்து நான்கு முறையும் கேட்டேன்.

மார்ச் 29, வெள்ளி

பள்ளிக்கூடம் விடும் நேரம் வாசலுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றேன். மத்தியான இடைவேளை, சமையலறைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. லேயாவோடு வந்தாள். சிரித்துக்கொண்டு வந்தாள், அப்படி அவள் சிரித்து நான் கண்டு கனகாலம். என்னைக் கண்டதும் நின்றாள். கையைத் தூக்கினேன். அவளும் தூக்கினாள், வராமலே. நடுவில் ஒரு பேருந்து வந்து நின்றது, அது போனபோது அவளும் லேயாவும் இல்லை.

அவள் போன பிறகு வந்த கடிதங்கள் வீட்டில் ஆறு சேர்ந்திருக்கின்றன. சுகந்தினி வாசிக்கிறேன் என்கிறாள். இருக்கட்டும், சாருகா வந்து வாசிக்கட்டும் என்றேன்.

ஏப்ரல் 3, புதன்

ஒன்பது நாளாக எங்கும் போகவில்லை. பத்தாகிறது. இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

பள்ளிக்கூடத்துச் சமூகசேவகர் பிரன்னர் என்பவர் எங்களைச் செவ்வாய்க்கிழமை கூப்பிட்டிருக்கிறாராம், சுகந்தினி சொன்னாள். சாருகாவும் வருவாள். அவள் வீட்டுக்கு வருவதா, லேயாவின் வீட்டிலேயே நிற்பதா என்பதைக் கதைக்க வேண்டுமாம். இதில் கதைக்க என்ன இருக்கிறது? பிள்ளையின் வீடு இது.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் வருவார் என்றும் சொன்னாள். வேண்டாம் என்றேன். நீயே எனக்குச் சொல்லலாமே என்றேன். "சாருகாதான் கேட்டவள்," என்றாள்.

ஏப்ரல் 8, திங்கள்

வெள்ளைச் சட்டையை நானே அழுத்தினேன். முடி வெட்டினேன். நாளை மூன்று மணிக்கு. ராகு காலம்தான், ஆனால் அவர்களுக்கு அதைச் சொல்லி விளங்கவைக்க முடியாது.

ஏப்ரல் 9, செவ்வாய்

வட்ட மேசை. பிரன்னர், பக்கத்தில் சாருகா, அவளுக்குப் பக்கத்தில் சுகந்தினி. எதிரில் நான். எனக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், ஒரு பெண். நாற்பது வயதிருக்கும், பாசல் நகரத்திலிருந்து வந்தவராம், நான் கண்டதே இல்லை. எந்தக் கோயில் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

தொடங்குமுன் எனக்கு விளங்கப்படுத்தினார்: "அண்ணை, நான் 'நான்' எண்டு சொன்னால் அது நானில்லை, கதைக்கிற ஆள். அதுதான் எங்கடை வேலையின்ரை முறை. இஞ்சை கேட்டது ஒண்டும் இந்த அறைக்கு வெளியிலை என்னோடை வராது."

சரியென்றேன். அப்படிச் சொல்லும் முகத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றியது. ஜனவரியில் நான் இந்த முகத்தைப் பார்க்கவில்லை.

பிரன்னர் சாருகாவைப் பார்த்துத் தலையாட்டினார். அவள் டொச்சில் கதைத்தாள். கை ஆட்டவில்லை, இரண்டையும் மடியில் வைத்திருந்தாள். ஒவ்வொரு இரண்டு வசனத்துக்கும் நிறுத்தினாள். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், எத்தனை வருடம் செய்த வேலை. அவள் நிறுத்த நிறுத்த இந்தப் பெண் எனக்குத் தமிழில் சொன்னார்.

"நான் ஆறு வயசிலையிருந்து அப்பாவுக்காகக் கதைக்கிறன். அது எனக்குப் பிடிக்கும். பல்வைத்தியரிட்டை அப்பாவுக்குப் பல் நோகுது எண்டு சொல்லேக்கை எனக்கும் நோகிற மாதிரி இருக்கும்."

நிறுத்தினாள். அந்தப் பெண் தண்ணீரை என் பக்கம் தள்ளி வைத்தார்.

"நான் கோவத்திலை வீட்டை விட்டுப் போகேல்லை. அப்பா எனக்கு அடிச்சதில்லை. அப்பா நல்லவர்."

அதை அந்தப் பெண் சொல்லும்போது நான் சாருகாவைப் பார்த்தேன். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா ஜனவரியிலையிருந்து என்ரை வாயிலை வாறது என்ரையோ அப்பான்ரையோ எண்டு எனக்குத் தெரியேல்லை. பள்ளிக்கூடத்திலையும் பொய்தான் முதல் வருது. நான் வீட்டை வந்தால் அப்பா திரும்பவும் கதைக்கச் சொல்லுவார். மாட்டன் எண்டு என்னாலை சொல்ல ஏலாது. அவரைப் பார்த்தால் பாவமா இருக்கும், நான் சொல்லிப்போடுவன். அதுதான் எனக்குப் பயம்."

என் பிள்ளை சொன்னதை முன்பின் தெரியாத ஒரு பெண் எனக்குச் சொல்கிறார், அதுவும் நல்ல சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில். சாருகாவின் தமிழ் இதைவிடக் கொஞ்சம் கொச்சை. அந்தக் கொச்சையைக் கேட்க வேண்டும் போல இருந்தது எனக்கு.

பிரன்னர் ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். கோடை விடுமுறை வரை அவள் லேயாவின் வீட்டில் நிற்கலாமா, தகப்பன் என்ற முறையில் உங்களுக்குச் சம்மதமா, இன்றைக்கே முடிவு சொல்ல வேண்டியதில்லை என்றார். சுகந்தினியின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. நீங்கள் மகளுக்கு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்றும் கேட்டாராம்.

ஆறாயிரத்து நானூறைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன். இரண்டு கிழமையாகப் போகவில்லை என்று சொல்லலாம் என்று நினைத்தேன். கடைசியில் மேசைக்கு மேலால் குனிந்து அவளையே பார்த்துச் சொன்னேன்:

"பிள்ளை, வா. வீட்டை போவம்."

நாலே சொல். அவள் பிறந்த நாளிலிருந்து கேட்ட தமிழ். சாருகா என் பக்கம் திரும்பவில்லை. எனக்குப் பக்கத்திலிருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்தபடி, அதை அவர் டொச்சில் சொல்லும்வரை காத்திருந்தாள்.